உள்ளே நாற்பது, வெளியே நூற்றுப்பத்து

கண்ணளவு என்றுதான் ஆலையில் அவருக்குப் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. ஆசிட் எவ்வளவு விட வேண்டும் என்று கேட்டால் அளவுக் குவளையைத் தேடமாட்டார். வாளியைச் சாய்த்துப் பார்த்து, "இவ்வளவு போதும்" என்பார். அது சரியாகவும் இருந்து தொலைக்கும். இருபத்திரண்டு வருடம் ஒரே ஷெட்டில் சரியாகவே இருந்துவிட்ட மனிதருக்கு, இருபத்து மூன்றாவது வருடம் தான் தப்பாக இருக்கலாம் என்று எங்கே தோன்றப் போகிறது?

அது குழாய்களுக்கும் கதவுப் பிடிகளுக்கும் நிக்கல் முலாம் பூசுகிற ஆலை. முலாம் தொட்டியிலிருந்து தூக்கிய சாமானை மூன்று தண்ணீரில் அலசுவார்கள். அலசிய தண்ணீரில் நிக்கல் கரைந்து லேசாகப் பச்சை காட்டும். அதைச் சாக்கடையில் விட முடியாது, விடவும் கூடாது. ஆகவே அது பின்கட்டு ஷெட்டில் நிற்கும் ஆளுயர டேங்குக்குள் போகும். டேங்குக்குள் கடுகளவு மணிகள், எண்ணி மாளாது. ரெசின் என்பார்கள். தண்ணீரில் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் உலோகத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு தண்ணீரை மட்டும் விட்டுவிடும் அந்த மணிகள். பிடிக்கப் பிடிக்க வெளிர் மஞ்சளாக இருந்தது மேலிருந்து கீழாகப் பச்சையாகிக்கொண்டே வரும். பச்சை முக்கால்வாசி இறங்கியதும் தண்ணீரை நிறுத்தி ஆசிட் விட்டுக் கழுவினால், பிடித்ததையெல்லாம் மணிகள் கெட்டிப் பச்சையாகக் கக்கிவிடும். நிக்கல் முலாம் தொட்டிக்கே திரும்பிப் போகும், சுத்தமான தண்ணீர் கடைசி அலசலுக்குப் போகும், மணிகள் அடுத்த சுற்றுக்குத் தயாராகிவிடும்.

எப்போது நிறுத்துவது என்பதுதான் சூட்சுமம். டேங்கின் பக்கவாட்டில் நீளமாக ஒரு கண்ணாடி பதித்திருக்கும். கண்ணளவு காலையில் ஒரு தடவை, சாப்பாட்டுக்கு முன் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை அதன் முன் இடுப்பில் கை வைத்து நிற்பார். "இன்னிக்குத் தாங்கும்" என்றால் தாங்கும். "நிறுத்து" என்றால் மேனேஜரே குறுக்கே பேசமாட்டார்.

அந்தச் செல்வாக்கில்தான் மச்சினியை அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டார். மனைவியின் தங்கை. வீட்டில் எல்லோருக்கும் அவள் சின்னவள். நாற்பதை நெருங்கியும் சின்னவள்தான். இவர்கள் கீழ் வீடு, அவள் மாடி. அவள் கணவன் லாரி ஓட்டுகிறவன், மாதத்தில் பாதி நாள் ஊரில் இருக்கமாட்டான். படித்த லேப் டிப்ளமோ பீரோவில் கிடந்து மஞ்சளேறிக்கொண்டிருந்தது. "நம்ம ஆளு, நான் பொறுப்பு" என்று மேனேஜரிடம் சொல்லி, டேங்குக்குள் போகிற தண்ணீரையும் வெளியே வருகிற தண்ணீரையும் தினமும் சோதிக்கிற வேலையில் அவளை உட்காரவைத்தார். வீட்டுக்கு வந்து, "என் வார்த்தைக்கு அங்க ஒரு மதிப்பு இருக்கில்ல" என்று மனைவியிடம் நாலு நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

சின்னவள் வேலையில் கெட்டி. இரண்டு பாட்டில், இரண்டு சீட்டு: உள்ளே, வெளியே. மீட்டரில் பார்த்து நோட்டில் எழுதுவாள். ஒன்றரை வருடம் ஒரு பேச்சில்லை.

பிறகு ஒரு புது ஆர்டர் வந்தது. நிக்கலுக்கு அடியில் செம்பு முலாம் வேண்டும் என்றார்கள். செம்புத் தொட்டி ஒன்று போட்டார்கள். அதன் அலசல் தண்ணீர் எங்கே போவது? இருக்கிற டேங்குக்கே குழாயைத் திருப்பிவிட்டார்கள். "ரெசின் எல்லாத்தையும் பிடிக்கும், விடுங்க" என்று சொன்னது வேறு யாருமில்லை, நம் கண்ணளவுதான்.

அடுத்த வாரமே கண்ணாடியில் நிறம் மாறியது. மேலே கரும் நீலமாக ஒரு பட்டை. அதற்குக் கீழே இருந்த பச்சை, அந்த அடர்த்திக்குப் பக்கத்தில் பச்சையாகவே தெரியவில்லை. வெளுத்து, ஏதோ இன்னும் ஒன்றும் பிடிக்காத மணிகள் மாதிரி இருந்தது. அவர் கண் அடர்த்தியைத் தேடியே பழகிய கண். அந்த நீலப் பட்டை முக்கால்வாசி இறங்கட்டும் என்று காத்திருந்தார்.

சின்னவள் நோட்டில் எழுதினாள்: நிக்கல், உள்ளே நாற்பது, வெளியே நூற்றுப்பத்து.

எழுதிவிட்டு நேராக ஷெட்டுக்கு வந்தாள். "மாமா, வெளிய வர்ற தண்ணியில அதிகமா காட்டுது. ரெண்டு தடவை போட்டுப் பார்த்துட்டேன்."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் பின்னால் நினைத்து நினைத்து அவர் குறுகிப்போனார். "சலிக்கப் போட்ட மாவைவிட சல்லடைக்குக் கீழ அதிகமா விழுமாம்மா? பாட்டிலை மாத்தி எழுதியிருப்ப. போய் ஒழுங்காப் பாரு."

பத்து நாள் கழித்து மறுபடி அதே கதை. அதற்கடுத்த வாரம் மூன்றாவது தடவை. அதற்குள் குழாய்களில் வெள்ளை வெள்ளையாகக் கறை படிந்து, வாங்கியவர்கள் ஒரு லோடையே திருப்பி அனுப்பிவிட்டார்கள். கடைசி அலசல் தண்ணீர் சரியில்லை என்பது யாருக்கும் தெரிந்த விஷயம். மேனேஜர் இரண்டு பேரையும் அறைக்குக் கூப்பிட்டார்.

"மூணு தடவை எழுதியிருக்கேன் சார்," என்றாள் சின்னவள், நோட்டைப் பிரித்து.

மேனேஜர் இவர் பக்கம் திரும்பினார். அந்த இடத்தில், "எனக்குத் தெரியல சார், ஒரு தடவை வெளியில குடுத்து சோதிச்சுப் பார்த்துடலாம்" என்று ஒரு வரி சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் தெரியவில்லை என்று சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. "உள்ள போறதைவிட வெளிய அதிகமா எப்படி சார் வரும்? ரெசின் என்ன நிக்கலைக் குட்டி போடுதா? பாட்டில் மாறிப்போச்சு. சோதனையே தப்பா இருந்தா நான் எதை நம்பி டேங்கை நிறுத்துறது?" என்றார்.

மேனேஜர் சிரித்துவிட்டார். அறையில் இருந்த கணக்குப்பிள்ளையும் சிரித்தார். சின்னவள் மாமாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தேவலை. 'அப்படியும் இருக்குமோ' என்று யோசிக்கிற பார்வை அது. மாமா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று வளர்ந்த வீடு. மாதக் கடைசியில் அவளை நிறுத்திவிட்டார்கள். காரணம் என்று தாளில் போட்டது: சோதனைப் பாட்டில்களை மாற்றிக் குறித்தது.

வீட்டில் மனைவி தங்கைக்காகப் பேசவில்லை, அவருக்காகத்தான் பேசினாள். "உன்னைச் சேர்த்துவிட்ட பாவத்துக்கு அவருக்கு எவ்வளவு கெட்ட பேர் பாரு" என்றாள். சின்னவள் தலையைக் குனிந்துகொண்டு, "ஆமாக்கா" என்றாள். கொஞ்ச நாளில் இரண்டு தெரு தள்ளி அட்டைப்பெட்டி ஒட்டுகிற இடத்தில் வேலைக்குப் போக ஆரம்பித்தாள்.

ஒரு மாதம் போனது. ஆலைக்குச் சில விருந்தாளிகள் வந்தார்கள், புது ஆர்டர் கொடுத்த கம்பெனிக்காரர்கள். விருந்தாளி என்றால் கண்ணளவு ஒரு வேடிக்கை காட்டுவார். ஒரு நீளக் கண்ணாடிக் குழாயில் ரெசின் மணிகளை நிரப்பி வைத்திருப்பார். மேலே பச்சைத் தண்ணீரை ஊற்றினால் கீழே தெளிந்த தண்ணீர் சொட்டும். எல்லோரும் வாயைப் பிளப்பார்கள். அன்றைக்கு அந்தக் குழாய் ஏற்கெனவே பல வேடிக்கை பார்த்து முழுக்கப் பச்சையேறிக் கிடந்தது. ஆசிட் விட்டுக் கழுவ சோம்பல். விருந்தாளிகளில் ஒருவர், "எங்க செம்பையும் பிடிக்குமா?" என்று கேட்டார். "ஏன் பிடிக்காது?" என்று செம்புத் தண்ணீரை எடுத்து ஊற்றினார்.

மேலே நீலம் இறங்கியது. கீழே பச்சை சொட்டியது.

ஊற்றியது பொட்டு நிக்கல் இல்லாத தண்ணீர். சொட்டியதோ நல்ல பச்சை. இன்னும் ஊற்றினார். நீலம் ஒரு விரல் இறங்க, பச்சை இன்னும் கெட்டியாக வந்தது. பஸ்ஸில் வேண்டியவர் ஏறியதும், உட்கார்ந்திருப்பவரை எழுப்பிவிட்டு இடம் கொடுப்பார்களே, அந்த மணிகள் செய்தது அதுதான். அவற்றுக்கு நிக்கலைவிடச் செம்பு வேண்டப்பட்டது. செம்பு வரவர, முன்னால் பிடித்து வைத்திருந்த நிக்கலை எழுப்பி வெளியே அனுப்பின. பல நாள் சேர்த்தது ஒரே நாளில் வெளியே வந்தால் உள்ளே நாற்பது, வெளியே நூற்றுப்பத்து ஏன் வராது?

விருந்தாளிகள் கை தட்டினார்கள். நீலம் ஊற்றினால் பச்சை வருகிறது, இதுதான் இன்றைய வேடிக்கை என்று நினைத்துக்கொண்டார்கள். "பிரமாதம் சார்!" என்று ஒருவர் தோளில் தட்டினார். கண்ணளவின் முகத்தில் ஈயாடவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது அவருக்கு. அந்த நாக்குதானே அந்த அறையில் அவ்வளவு நீளமாகப் பேசியது.

அன்றைக்கே போய் மேனேஜரிடம் சொல்லியிருக்க வேண்டும். கிளம்பினார் என்பதும் உண்மை. கதவு வரைக்கும் போனார். உள்ளே யாரோ இருந்தார்கள். 'நாளைக்குச் சொல்லிக்கலாம்' என்று திரும்பிவிட்டார். நாளை என்பது எவ்வளவு வசதியான நாள் என்று அதற்குப் பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. மறுநாள் அவர் செய்தது வேறு. "செம்புக்குத் தனி டேங்க் வச்சுடலாம் சார், கழுவ சுலபம்" என்றார். வைத்தார்கள். கறை நின்றது. திரும்பிப் போன வாடிக்கை திரும்பி வந்தது. வருடக் கடைசியில் அவரை மேடையேற்றி ஒரு ஷீல்டு கொடுத்தார்கள். கண்ணாடியில் பித்தளை பதித்தது, சிறந்த யோசனைக்காக என்று எழுதியிருந்தது. வாங்கும்போது கை தட்டல் காதில் விழுந்தது. விருந்தாளிகளின் கை தட்டல்தான் ஞாபகம் வந்தது.

மனைவி அதை டிவிக்கு மேலே வைத்தாள். ஒருநாள் மாடியிலிருந்து இறங்கி வந்த சின்னவள், "இவ்வளவு தூசி படிய விட்டிருக்கியேக்கா" என்று அதை எடுத்து, வாயால் ஊதி, துணியால் துடைத்து, நேராகத் திருப்பி வைத்தாள். அவர் எழுந்து குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுச் சும்மா நின்றார். அசிங்கமாக இருந்தது. அவ்வளவு அசிங்கமாக இருந்தும் வாய் திறக்கவில்லை பாருங்கள், அதுதான் மனிதர்.

ஒரே வீட்டில் இருந்ததால் தண்டனைக்குக் குறைவில்லை. காலையில் சின்னவள் மாடிக் கதவைப் பூட்டி இறங்கி வருவாள். வாசல் வரை போவாள். மறுபடி ஏறிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பாள். பாதி வழியில் போன் பண்ணுவாள்: "அக்கா, நான் கேஸை அணைச்சேனா, கொஞ்சம் பாரேன்." அணைத்துத்தான் இருப்பாள். எப்போதும் அணைத்துத்தான் இருந்தாள். கடைக்குப் போய் மிச்சம் வாங்கினால் மூன்று தடவை எண்ணிவிட்டு, கடைசியில் அக்காவிடம் கொடுத்து எண்ணச் சொல்வாள். "வயசாகுதுக்கா, எனக்கு எல்லாமே மாறிப்போகுது" என்று சிரிப்பாள். கண்ணளவு பேப்பரைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொள்வார்.

இப்படியே பதினோரு மாதம்.

அப்போதுதான் சின்னவளோடு டிப்ளமோ படித்தவள் ஒருத்தி வந்தாள். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் ரத்தப் பரிசோதனை லேப்பில் இருக்கிறவள். அங்கே ஆள் எடுக்கிறார்கள், நிரந்தர வேலை, வெள்ளிக்கிழமைக்குள் விண்ணப்பம் கொடுக்க வேண்டும் என்று தாளைக் கையில் திணித்துவிட்டுப் போனாள். புதன்கிழமை மாலை சின்னவள் அதைக் கொண்டுவந்து கீழே மேஜைமேல் வைத்தாள்.

"வேண்டாம்க்கா. குழாய்னா கறை பட்டதோட போச்சு. அங்க ஒருத்தர் ரத்தத்தை இன்னொருத்தர் பேர்ல எழுதிட்டேன்னா? ஆளு செத்துப்போவாங்க."

"அதுவும் சரிதான்," என்றாள் மனைவி, பெருமூச்சு விட்டு. "நமக்குத் தெரிஞ்சு எதுக்கு அந்தப் பாவம்? என்னங்க, நீங்க என்ன சொல்றீங்க?"

இரண்டு பேரும் அவரைப் பார்த்தார்கள். தொண்டை வரைக்கும் வந்தது. "நாளைக்குச் சொல்றேன்" என்றார், மென்று முழுங்கி.

வியாழக்கிழமை காலை நேராக மேனேஜர் அறை. யார் இருந்தாலும் சரி என்று நுழைந்தார். யாரும் இல்லை. எல்லாவற்றையும் சொன்னார்: செம்பு, நிக்கல், கண்ணாடியில் ஏமாந்த கண், குழாயில் சொட்டிய பச்சை. மேனேஜர் பேனாவை மூடியபடி கேட்டார்.

"பழைய கதைய ஏன் கிளறுறீங்க? ஷீல்டு வேற குடுத்தாச்சு. நல்லா இருக்காது."

"ஷீல்டைத் திருப்பிக் கொண்டுவந்து வச்சுடறேன் சார். அந்தப் பொண்ணு எழுதினது சரின்னு ஒரு லெட்டர் குடுங்க."

"உங்க பேர் வராம எழுதித் தரேன், போதுமா?"

போதாது என்று சொல்லத்தான் வந்தவர், "சரி சார்" என்றார். மனம் எவ்வளவு மலிவானது பாருங்கள், கொஞ்சம் நிம்மதிகூட வந்தது. லெட்டரில் நாலே வரி. பின்னர் நடந்த ஆய்வில் அன்னாரது சோதனை முடிவுகள் சரியானவை எனத் தெரியவந்தது, நிறுவனம் வருந்துகிறது. கீழே அன்றைய தேதி, சீல்.

வீட்டுக்கு வந்ததும் சின்னவளைக் கூப்பிட்டு நீட்டினார். அவள் நின்றபடியே படித்தாள். உட்கார்ந்து மறுபடி படித்தாள். மூன்றாவது தடவை அக்காவிடம் கொடுத்து, "சத்தமாப் படிக்கா, நான் சரியாத்தான் படிச்சேனான்னு பாரு" என்றாள். அக்கா படித்தாள்.

"அப்போ மூணு தடவையும் நான் எழுதினது சரியா மாமா?"

"சரிம்மா. மூணு தடவையும்."

அவள் அழுதாள். சிரித்துக்கொண்டே அழுதாள். "நான் மாத்தி எழுதல. மாத்தி எழுதலக்கா." கண்ணளவு அந்தச் சந்தோஷத்தோடு எழுந்து உள்ளே போயிருக்கலாம். போகத்தான் பார்த்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"யாரு மாமா கண்டுபிடிச்சது? இன்னிக்கா தெரிஞ்சது?"

லெட்டரில் இன்றைய தேதி இருந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். யாரும் போய் விசாரிக்கப் போவதில்லை. மனைவி ஏற்கெனவே, "உங்க மாமாதான் போய்ப் பேசியிருப்பாரு, பாரேன்" என்று பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான்," என்றார். "இன்னிக்கு இல்ல. நீ போன அடுத்த மாசமே தெரியும். விருந்தாளிங்க வந்த அன்னிக்கு, என் கண்ணாலேயே பார்த்தேன். பதினோரு மாசமாச்சு."

மனைவி கையிலிருந்த லெட்டரை மேஜைமேல் வைத்துவிட்டு அவரையே பார்த்தாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அப்படி ஒரு பார்வை அவள் பார்த்ததில்லை. யாரோ தெரியாத ஆள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருப்பது மாதிரி பார்த்தாள்.

"பூட்டைப் பார்க்க நான் மாடியேறி இறங்கினதெல்லாம் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தீங்களா?" என்றாள் சின்னவள்.

"பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

"நேத்து இந்த வேலை வேண்டாம்னு சொன்னேனே, அப்பவும்?"

"அப்பவும் தெரியும்மா."

அவள் கத்தவில்லை. கத்துவாள் என்று அவர் காத்திருந்தார், வேண்டியும்கொண்டார். அவள் விண்ணப்பத்தை இழுத்து வைத்து, "அக்கா, பேனா குடு" என்றாள். ஒவ்வொன்றாக நிரப்பினாள். ஒரு தடவைக்கு மேல் எதையும் படித்துப் பார்க்கவில்லை. ஓர் இடத்தில் பேனா நின்றது.

"முந்தைய வேலையை விட்ட காரணம்னு கேட்டிருக்கு. நீங்களே சொல்லுங்க, எழுதறேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். "நான் சரியாகச் சோதித்து எழுதியதை, ஒருவர் தவறு என்று சொன்னார்."

"ஒருவரா?"

"என் அக்காவின் கணவர் தவறு என்று சொன்னார். அவர் சொன்னதை எல்லோரும் நம்பினார்கள்."

எழுதினாள். "அப்புறம்?"

அவர் தொடர்ந்தார். "தான் சொன்னது பொய் என்று தெரிந்த பிறகும், பதினோரு மாதம் அவர்..."

சின்னவள் பேனாவை மூடினாள். "ரெண்டு வரிதான் விட்டிருக்காங்க மாமா. அதுக்கு இடமில்ல. அதை நீங்களே வச்சுக்கோங்க."

தாளை மடித்துக்கொண்டு மாடிக்குப் போனாள். மறுநாள் காலை கதவைப் பூட்டிவிட்டு இறங்கி, வாசலைத் தாண்டி, திரும்பிப் பார்க்காமல் விண்ணப்பத்தைக் கொடுக்க ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஜன்னல் ஓரம் நின்று அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூடத்திலிருந்த மனைவி, "அங்க நிக்காதீங்க" என்று மட்டும் சொன்னாள்.